எட்ருஸ்கர் ஜோடிக்கு நான் வைத்த தடுப்பு

பத்தாவது வரை படித்தவன் ரோமானியரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னிக்கவும். அவர்களுடைய சாமான்களைப் பெட்டியிலிருந்து இறக்கி வைத்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கண்காட்சிகளுக்குப் பொருட்களை ஏற்றி, இறக்கி, நிறுத்தித் தருவது ஷார்ஜா தொழில்பேட்டையில் உள்ள எங்கள் கம்பெனியின் வேலை. அந்த முறை இத்தாலியிலிருந்து வந்தவற்றில் பாதி ரோமானியருக்கு முன்பே அங்கே வாழ்ந்த எட்ருஸ்கருடையது, பாதி ரோமானியருடையது. இந்த வேலை முடிந்ததும் என்னையோ கூட வேலை பார்க்கும் சேகரையோ ஆட்களை மேய்க்கும் சார்ஜ்ஹேண்ட் ஆக்குவதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார். சார்ஜ்ஹேண்ட் சம்பளம் வந்தால் மனைவிக்கு விசா எடுக்கலாம். சேகரின் மனைவி ஏற்கெனவே விசிட் விசாவில் வந்து பக்கத்தில் துபாய் அல் குசைஸில் அவனோடு இருந்தாள். மதியம் அவன் டப்பாவைத் திறந்தால் வத்தக்குழம்பு மணக்கும். என் மனைவி அரியலூரில். நான் மெஸ் சோற்றைப் பிசைந்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

ஒரு பெட்டியில் சுடுமண் சிலை இருந்தது. புருஷனும் பெண்சாதியும் ஒரே கட்டிலில் சாய்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். கண்காட்சிப் பொறுப்பாளர் ஒரு சென்னைக்கார மேடம். அவர் விளக்கினார்.

"எட்ருஸ்கர் பொம்பளைங்க புருஷனோட சரிசமமா சாஞ்சு சாப்பிடுவாங்க. அவங்களுக்குன்னு தனிப் பேர் உண்டு. பழைய ரோம்ல புருஷன் சாஞ்சிருப்பார், மனைவி பக்கத்துல நாற்காலியில உக்காரணும். எத்தனை பொண்ணு பொறந்தாலும் எல்லாருக்கும் அப்பா வம்சப் பேருதான்."

"அப்போ இவங்க ஃபேமிலி. ரோம்காரங்க நம்ம அண்ணன் மாதிரி பேச்சிலர்னு சொல்லுங்க!" என்றான் சேகர், என்னைக் காட்டி.

ஊரில் பேரனே இருந்தாலும் இங்கே தனியாக இருக்கிறவன் பேச்சிலர்தான். மேடம் சிரித்தார். ஃபோர்மேன் அவன் முதுகில் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. பாதி சேகர் மேல், பாதி அந்த மண் புருஷன் மேல்.

சேகர் மாதிரி எனக்குப் பேச வராது, என் சாமர்த்தியத்தை வேலையில் காட்டலாம் என்று நினைத்தேன். இங்கே ஹோட்டலில் ஃபேமிலி வந்தால் தடுப்புக்குப் பின்னால்தானே உட்கார வைக்கிறார்கள்? யாரும் சொல்லாமலே ஒரு பேனலை நகர்த்தி, வாசலிலிருந்து அந்த ஜோடி தெரியாதபடி நிறுத்தினேன்.

"என்னவே இது?" என்றார் ஃபோர்மேன்.

"ஃபேமிலி சார்... அதான் தடுப்பு."

மேடம் சிரிக்கவில்லை. "அண்ணா, அவங்க யாருக்கும் ஒளியலை. நாலு பேர் முன்னாடி சேர்ந்து உக்காந்தாங்க. அதைக் காட்டத்தானே இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கோம்?"

"விடுங்க மேடம், அண்ணனுக்குப் பொறாமை. கண்ணுல படக்கூடாதுன்னு மறைச்சிட்டாரு" என்றான் சேகர்.

எல்லாரும் சிரித்தார்கள். அது பொய்யில்லை. பேனலைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன்.

ஒரு பொருளை நிறுத்தும் முன், அது யார் கண்ணில் பட வேண்டும் என்று கேளுங்கள். வயிற்றெரிச்சலோடு பேனலைத் தொடாதீர்கள்.

மறுநாள் சேகரைச் சார்ஜ்ஹேண்ட் ஆக்கினார்கள். காலிப் பெட்டிகளை லாரியில் ஏற்றச் சொன்னான். ஏற்றினேன்.