முன்வீட்டுப் போன்

பெக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளைக் கன்னத்தில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்காகவே வாப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய் அதைக் கிழித்தெடுப்பேன். மருதமுனையில் கைத்தறிச் சாரன் நெய்வித்து விற்ற வாப்பாவுக்குக் கொழும்புக் கடைகளின் 'ஓடர்' எல்லாம் போன் லைன் வழியாக அதில்தான் வரும்.

எனக்கு மூத்த ராத்தாவுக்குக் கல்யாணம் முடிந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, இருந்த வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் கட்டிய சின்ன வீட்டுக்கு நாங்கள் குடிபோனோம். போன் முன்வீட்டிலேயே இருந்தது. அதிலிருந்து ஒரு வயரை இழுத்து, பெக்ஸையும் இன்னொரு போனையும் வாப்பா எங்களிடம் வைத்துக்கொண்டார். சாரன் மாதிரிகளைப் படம்பிடித்து அனுப்புவதற்கு அதே லைனில் இன்டர்நெட்டும் எடுத்தார். பிடித்தது 'முசீபத்து', தொல்லைமேல் தொல்லை.

போன் அடித்தால் இன்டர்நெட் அறுந்தது, பெக்ஸ் வந்தால் பாதித் தாளோடு நின்றது. பெருநாள் ஓடருக்காக வாப்பா காத்திருந்த நேரம் அது. அதைவிடக் கொடுமை, ராத்தாவை முடித்த கையோடு கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்த மச்சானின் 'கோல்' வந்தால், ராத்தா ஓடி வருமுன்னே பெக்ஸ் தானாகத் தூக்கி அவர் காதில் கீச்சென்று கத்தியது. புதுப்பெண் சோறு தின்னாமல் முகம் வீங்கிக் கிடந்தாள். எனக்கு அந்த மெஷினைத் தூக்கிக் கடலில் போடலாம் போலிருந்தது.

திருத்த வந்தவர், வீட்டில் எத்தனை போன் என்று கேட்டார்.

"எங்கட ஊட்ட ஒண்டுதான்," என்றார் வாப்பா.

பொய்யில்லை. மகளுக்குக் கொடுத்த வீடு மகளுடையது. அதைத் தன் கணக்கில் அவர் சேர்க்கவேயில்லை. வந்தவர் எங்கள் போனுக்கும் பெக்ஸுக்கும் இன்டர்நெட்டோடு மோதவிடாத 'பில்டர்' என்ற சின்னப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார். ஒன்றும் சரிவரவில்லை.

உம்மாதான் பொறுமை கெட்டு, எங்கள் பக்கம் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். கடைசியில் இன்டர்நெட் மட்டும் மிஞ்சிய பிறகும், முன்வீட்டில் ராத்தா போனைத் தூக்கியதும் அது அறுந்தது. பெட்டி பூட்டாத போன் அதுதான்.

"அப்ப அதக் கழட்டி வைப்பமா? ஓடர் வரவேணுமே," என்றார் உம்மா.

ராத்தா அப்போதுதான் வாசலுக்கு வந்து நின்றாள். வாப்பா அவளையே பார்த்தார்.

"வேணா. அதுக்கும் ஒரு பெட்டி போடுவம். பெக்ஸ் தானாத் தூக்குறத நிப்பாட்டுங்க, எல்லாக் கோலயும் புள்ள எடுக்கட்டும். மருமகன் எண்டாக் கதைக்கட்டும், பெக்ஸ் கத்தினா என்னக் கூப்புடட்டும்."

அதன் பிறகு முன்வீட்டிலிருந்து, "வாப்பா, உங்கட ஆள் கத்துறார்" என்று குரல் வரும். வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பெக்ஸின் பொத்தானை அமத்துவார். பெருநாள் ஓடரும் அப்படித்தான் வந்தது. ராத்தாவின் முகத்திலும் சிரிப்பு வந்தது, எனக்கு அதுவே பெருநாளாக இருந்தது.

இப்போது பெக்ஸும் இல்லை, வயரும் இல்லை. ஓடர்கள் வாப்பாவின் கைபேசியில் சத்தமில்லாமல் வந்து விழுகின்றன. மச்சானும் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை முன்வீட்டுக்கு நான் போனபோது விறாந்தையில் கைபேசிக்குள் தலையைப் புதைத்தபடி இருந்தார். அவர் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்துவிட்டு ராத்தா என்னிடம் சொன்னாள்:

"கட்டார்ல இருக்கக்குள்ள இதவிடக் கூடக் கதைச்சார், மனிசன்."