ரத்தான கல்யாணத்துக்கு நிறைந்த மண்டபம்

ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்ட்டில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் சின்னராசா, போனில் கதைப்பதை நேர விரயமாகக் கருதுபவர். கொன்டெய்னர் வந்தால் லொறிச் சாரதிகளுக்கு அவர் சொல்வதில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் சொல்லும். ஒரு வெப் முகவரியின் வாலில் நம்பரையும் செய்தியையும் ஒட்டி அழைத்தால் எஸ்.எம்.எஸ். பறந்துவிடும். ஸ்கிரிப்டை எழுதியவன் எப்போதோ டுபாய் போய்விட்டான். சின்னராசாவுக்குத் தெரிந்தது நம்பரையும் செய்தியையும் மாற்றி என்டரைத் தட்டுவது. போதாதா?

போதும் என்றுதான் மூத்த மகள் யதுஷாவின் கல்யாணத்துக்கு முதல்நாள் காலைவரை நம்பியிருந்தார். அன்று வெள்ளவத்தை மண்டபத்துக்குள் மழைவெள்ளம் புகுந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் வேறு மண்டபம் கிடைத்தது. இருநூற்றுப் பத்துக் குடும்பங்களுக்கும் உடனே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கொட்டாஞ்சேனையில், சனம் வெள்ளவத்தையில்.

விருந்தினர் பட்டியலை ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துவிட்டு, எழுத்திலும் சிக்கனக்காரரான அவர் இப்படி அடித்தார்: “வெள்ளவத்தையில் நாளைய யதுஷா கல்யாணம் ரத்து & அதே நேரம் கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நடக்கும்.” என்டர்.

வெப் முகவரிக்குள் & வந்தால், செய்தி அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். இயந்திரம் சொல்வழி கேட்டது. ‘ரத்து’ வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது.

முதல் அழைப்பு நாற்பது விநாடியில்.

“தம்பி சின்னராசா, மாப்பிள்ளைப் பெடியன் ஓடிட்டானோ?”

“எங்க ஓடுறது? மண்டபம்தான் அக்கா மாறினது. கொட்டாஞ்சேனை.”

“அப்ப சாப்பாடு?”

“அதுவும் அங்கதான்.”

மனைவி நேசமலர் தன் போனைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். “என்னத்தை அனுப்பித் துலைச்சனீங்கள்?”

அடுத்து எடுத்தது மாப்பிள்ளை பிரியந்தன். அவன் நம்பரும் பட்டியலில் இருந்தது.

“மாமா, ரத்து எண்டா எனக்கு முதலிலை சொல்லியிருக்கலாமே?”

சின்னராசா அடித்ததை அப்படியே வாசித்துக் காட்டினார். மறுமுனையில் ஒரே சிரிப்பு.

“அந்த & தான் மாமா கழுத்தறுத்தது. எடுத்துப்போட்டுத் திருப்பி அனுப்புங்கோ. நான் கட்டாயம் வருவன்.”

திருப்பி அனுப்ப அவசியம் வரவில்லை. மூன்று கிழமையாக ‘வருவீர்களா’ என்று கேட்டும் வாய் திறக்காத சனம், கல்யாணம் நின்றது என்றதும் காரணம் கேட்டு வரிசையில் நின்றது. நேசமலர் ஒவ்வொருவருக்கும் புது மண்டபத்தைச் சொல்லிப் பெயரை வெட்டினாள். பின்னேரம் பட்டியலில் மிச்சம் மூன்றே குடும்பம். அவர்கள் ஆறுதல் சொல்ல நேரிலேயே வந்துவிட்டார்கள்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் கதிரை போதவில்லை. தாலி ஏறியதும் நேசமலர் சின்னராசாவின் காதுப்பக்கம் குனிந்தாள்.

“சின்னவளின்ர கல்யாணத்துக்கும் முதலிலை ரத்தெண்டே அனுப்புங்கோ.”