உள்ளே போகாத இசையமைப்பாளர்

ரொறன்ரோவில் ஓர் இசை அரங்கில், வருபவர்களின் கோட்டுகளை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. ஒரு ஞாயிறு பிற்பகல், நிகழ்ச்சி தொடங்கிய பிறகும் ஒருவர் என் மேசைக்கு எதிரில் இருந்த வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். மெலிந்து உயர்ந்த வயோதிபர். அவருடைய இடது கை விரல்கள் முழங்காலில் எதையோ ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, உவர்தான் இண்டைக்கு உள்ளுக்கை வாசிக்கிற இசையை எழுதினவர். இத்தாலியிலயிருந்து வந்திருக்கிறார்" என்று என்னோடு வேலை செய்யும் பிள்ளை காதுக்குள் சொன்னாள்.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "நீங்கள் உள்ளே போகவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"வயலின் பகுதியை என் மகளுக்காக எழுதினேன். இந்த வருடம் அவள் இறந்துவிட்டாள். இன்றைக்கு வேறொரு பெண் வாசிக்கிறாள்."

"அந்தப் பெண் சரியாக வாசிக்கவில்லையா?"

அவர் கொஞ்ச நேரம் கதவுப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"மிக நன்றாக வாசிக்கிறாள். என் மகளைவிட நன்றாக வாசிக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை."

முடிந்ததும் ஆட்கள் வந்து அவரை மேடைக்குக் கூட்டிப்போனார்கள். திறந்த கதவு வழியே பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு அவர் கைகொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கைகளாலும் தன் முகத்தை மூடிக்கொண்டார். விஷயம் தெரியாத சனம் எழுந்து நின்று இன்னும் பலமாகக் கைதட்டியது.

கோட்டை வாங்க வந்தவரிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று தவித்தேன். "வெளியில் நல்ல குளிர், கவனம்" என்றுதான் வாயில் வந்தது. அதற்கும் அவர் நின்று, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.