முதுகுப் படங்கள்

பத்தாவது முடிந்ததும் என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். படிப்பு வராமல் இல்லை. மேலே படிக்க வேண்டுமானால் திண்டிவனத்துக்கோ பாண்டிக்கோ பஸ் ஏற வேண்டும், வயசுப் பெண் தினமும் பஸ் ஏறினால் ஊர் என்ன சொல்லும், அவ்வளவுதான் விஷயம். அழுது பார்த்தேன். இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். மூன்றாவது வேளைக்கு அம்மா வஞ்சிரம் மீன் குழம்பு வைத்துவிட்டாள். அதோடு என் போராட்டம் முடிந்தது.

எண்பதுகளின் கடைசி அது. வீட்டில் உட்கார்ந்தாலும் என் கை சும்மா இருக்கவில்லை. ஒயர் கூடை பின்னினேன். தலையணை உறைகளில் எம்பிராய்டரி போட்டேன். கல்ஃபிலிருந்து வந்த சாக்லேட்டுகளைத் தம்பிகள் தின்றதும் அந்தத் தாள்களைப் பொறுக்கி நீவிப் பூச்செய்து, பால் பவுடர் டின்னில் நட்டு வைத்தேன். எல்லாம் பொழுதுபோக்குத்தான். ஆனால் பென்சில் எடுத்துப் படம் போட உட்கார்ந்தால் மட்டும் அது பொழுதுபோக்காக இருக்காது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எதிலும் கிடைக்கவில்லை, பிள்ளை பெற்றதைக்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடை இருந்தது. முகம் போடக் கூடாது.

"மரத்தப் போடு, படகப் போடு, யாரு வேணாம்னா? உசுரு உள்ளதோட மூஞ்சியப் போடாதடி" என்பாள் அம்மா. "நாளைக்கி மறுமையில, வரைஞ்சியே, இப்ப அதுக்கு உசுரு குடுன்னு கேட்டா என்னா பண்ணுவ?"

"முதுகப் போட்டா?"

அம்மா யோசித்தாள். முதுகைப் பற்றி அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "முதுகுதானே. போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அன்று பிடித்ததுதான் முதுகு. எங்கள் வீடு மரக்காணத்தில் கடைசித் தெருவில் இருந்தது. சமையற்கட்டு ஜன்னலைத் திறந்தால் உப்பளம். வெயில் ஏறும் முன்பே பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டு, கூடையில் உப்பை அள்ளித் தலையில் வைத்து வரிசையாகக் குவியலுக்குப் போவார்கள். போகும்போது வரைவேன். கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வரும்போது பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். இரண்டு பேர் முதுகு ஒரே மாதிரி இருக்காது என்பதை அந்த ஜன்னலில்தான் தெரிந்துகொண்டேன். ஒருத்தி இடது காலை அழுத்தி நடப்பாள். ஒருத்திக்குக் கழுத்து மட்டும் அசையவே அசையாது. மத்தியானம் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வரும் ஒரு அக்கா, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, இது நான்தானே? என் இடுப்பு இவ்ளோ அகலமாவா இருக்குது?"

"இதுக்கு மேலயே இருக்குதுக்கா. தாள் பத்தல."

அவள் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. அந்தப் படத்தை மடிக்காமல் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திமிரோடு இருந்தபோதுதான் என் கூடப்பிறந்த அக்காவுக்குப் பெண் பிறந்தது. அக்காவைக் கூனிமேட்டில் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி மூன்றாம் மாதம் மச்சான் சவுதிக்குப் போய்விட்டார். அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். மச்சான் ஒவ்வொரு கடிதத்திலும் பிள்ளையின் போட்டோ கேட்டார். அக்காவின் மாமியார் விடவில்லை. அவருடைய மூத்த மகனின் குழந்தையை நாற்பதாம் நாள் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போய்ப் போட்டோ எடுத்தார்களாம், அந்த வாரமே அது மௌத்தாகிவிட்டதாம். இரண்டு வயசு வரைக்கும் போட்டோ கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இத அவனுக்கு எழுதாதம்மா. கேலி பண்ணுவான்" என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா என்னிடம் வந்தாள். "நீ வரைஞ்சி குடுடி. அவரு புள்ளையப் பாக்கணும்டி."

முகம் போட முடியாது. எனக்குத்தான் முதுகு கைவந்த கலையாயிற்றே! பிள்ளை குப்புறப் படுத்துத் தூங்கும்போது ஒன்று போட்டேன். பிடரியில் சுருண்ட முடி, கழுத்து மடிப்பு, இடது காதுக்குக் கீழே கடுகளவு மச்சம், கையில் தாயத்து, ஒன்றையும் விடவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்திருக்கும்போது ஒன்று. தவழ்ந்து போகும்போது ஒன்று. கதவைப் பிடித்து நிற்கும்போது ஒன்று. கடிதத்துக்கு ஒரு படம் என்று போய்க்கொண்டே இருந்தது. சவுதியில் தங்கியிருக்கும் அறையில் எல்லோரிடமும் காட்டி மச்சான் பெருமைப்படுவார் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்குப் பத்து மாசம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. நின்றபடி படித்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாங்கிப் பார்த்தேன்.

"படம் எல்லாம் வந்து சேர்ந்தது. அழகா இருக்குது. ஒரே ஒரு விசயம் மறைக்காம எழுது. புள்ளைக்கு மூஞ்சியில ஏதாச்சும் கொறையா? உதடு பிளந்து இருக்குதா? கண்ணு சரியில்லையா? அதுக்கெல்லாம் இங்க ஆபரேசன் இருக்குதுன்னு ரூம்ல ஒருத்தர் சொல்றார். எப்பிடி இருந்தாலும் அது என் புள்ள. என்கிட்ட மட்டும் மறைக்காத."

யா அல்லா, நான் என்ன காரியம் பண்ணிவிட்டேன்! எட்டு மாதமாக அந்த மனிதர் ஒவ்வொரு படத்தையும் பிரித்துப் பார்த்து, இதிலும் முகம் இல்லை, இதிலும் முகம் இல்லை என்று வெந்துகொண்டிருந்திருக்கிறார். ஊரில் கண் காது மூக்கு வைத்துப் பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை. என் படங்களில்தான் அதற்குப் பஞ்சம்.

"உன்னாலதாண்டி! பெரிய இவளாட்டம் வரைஞ்சி வரைஞ்சி அனுப்பின" என்று அக்கா கத்தினாள். கேட்டதே நீதானே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

தெருவில் யார் வீட்டிலும் போன் இல்லை. அக்கா அன்றே பதில் எழுதினாள், மாமியார் சொன்னதையும் சேர்த்தே எழுதினாள். அதோடு வைக்க, அம்மாவுக்குத் தெரியாமல் பிள்ளையின் முகத்தைப் போட்டுவிடலாம் என்று பின்கட்டில் உட்கார்ந்தேன். மறுமையில் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்ற துணிச்சல் வந்துவிட்டது. கைதான் வரவில்லை. பழகாத கைக்கு முகம் எங்கிருந்து வரும்? கண் இரண்டும் காராமணி மாதிரி வந்தன, வாய் கோணிக்கொண்டது. அதை அனுப்பியிருந்தால் அவர் சந்தேகம் ஊர்ஜிதமாகியிருக்கும். கிழித்து அடுப்பில் போட்டேன்.

அக்காவின் பதிலை மச்சான் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக ஜோடித்த கதை என்று நினைத்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். மெட்ராஸிலிருந்து டாக்சி வந்து நின்றபோது பிள்ளை வாசலில் உட்கார்ந்து சொம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கவில்லை, யாருக்கும் சலாம் சொல்லவில்லை. நேராக வந்து பிள்ளையைத் தூக்கி வெயில் பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் உதட்டைத் தடவினார். கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், மறுபடியும் உதட்டைத் தடவினார். "மாஷா அல்லா" என்றார். அப்புறம் வாசல்படியிலேயே உட்கார்ந்து, எங்கள் அத்தா, அம்மா, டாக்சிக்காரர் எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார். எங்கள் வீட்டில் ஓர் ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பிள்ளை வீறிட்டுக்கொண்டு திமிறி இறங்கி, அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்றது. அவர் அழுகையோடு சிரித்தார்.

"இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச முதுகுதான்" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். சாயங்காலம் கூப்பிட்டார். "ஏம்மா, எட்டு மாசம் என் தூக்கத்தக் கெடுத்திட்டியே" என்று சொல்லி, ஒரு பெரிய டிராயிங் நோட்டைக் கையில் கொடுத்தார். கெட்டியான தாள், தொட்டால் துணி மாதிரி இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

இரண்டு மாத லீவில் முதல் மாதம் பிள்ளை அவரிடம் அண்டவே இல்லை. அவர் உள்ளே வந்தால் அது வெளியே போகும். பிறகு ஒரு நாள் அவர் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தது. அதற்குப் பிறகு அவர் தோளை விட்டு இறங்கவில்லை. தூங்கினால் அவர் மார்பில், சாப்பிட்டால் அவர் கையால். "அத்தா, அத்தா" என்று நாள் முழுக்க ஒரே ஜபம். அப்போது லீவு முடிந்துவிட்டது.

அவர் போன காலையில், பிள்ளை தூங்கும்போதே கிளம்பச் சொன்னார்கள். தெருமுனையில் டாக்சியை நோக்கி அவர் நடப்பதைத் தெருப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்தக் காட்சி மறப்பதற்குள் அந்த நோட்டில் வரைந்து வைத்தேன். வெள்ளைச் சட்டை, கொஞ்சம் இறங்கிய வலது தோள். ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளை நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலுக்குப் போய் "அத்தா" என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று நிற்கும். அக்கா கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். அதில் மாப்பிள்ளைக்குத் தலையில் கட்டிய பூச்சரம் மச்சான் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. சவுதியில் கார் முன்னால் நின்று எடுத்தனுப்பியதைக் காட்டினாள். அதில் கறுப்புக் கண்ணாடி. பிள்ளை இரண்டையும் தள்ளிவிட்டது. அக்கா சேலையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் என் படத்தை நோட்டிலிருந்து கிழித்துக்கொண்டு வந்து பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

"அத்தா!" என்றது உடனே. என் நெஞ்சு ஒரு நிமிஷம் பூரித்துப் போனது, பொய் சொல்ல மாட்டேன்.

பிள்ளை தாளைத் திருப்பியது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பி முதுகைப் பார்த்தது, மறுபடி பின்பக்கம் திருப்பித் தேடியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, தாளை என்னிடம் நீட்டியது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்த வெள்ளைப் பக்கத்தில் கண்ணிலிருந்து ஆரம்பித்தேன். பிள்ளை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண் வந்தது. புருவம் வந்தது. சமையற்கட்டிலிருந்து அம்மா வந்து எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. திட்டு இப்போது விழும், இப்போது விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டே வரைந்தேன். அம்மா குனிந்து தாளைப் பார்த்தாள்.

"மாப்ளைக்கு மூக்கு இன்னுங் கொஞ்சம் நீளம்டி" என்றாள்.