நான் புதைக்காத நஞ்சுக்கொடி

பிளசெண்டா என்ற சொல்லை மலேசியாவின் ஈப்போவில் ஒரு பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தேன். லத்தீனில் அதற்குத் தட்டையான பலகாரம், ஒரு வகைக் கேக், என்று பொருள். கிரேக்கத்திலிருந்து அங்கே வந்த சொல். இத்தாலியில் பிணங்களை அறுத்து ஆராய்ந்த ஒரு மருத்துவர், கருப்பையில் ஒட்டியிருந்த வட்டமான சதையைப் பார்த்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஜெர்மானியர்கள் தங்கள் மொழியில் முட்டர்கூகன் என்றார்கள். டச்சுக்காரர்களுக்கு மூடர்கூக். இரண்டுக்கும் 'தாய்ப் பலகாரம்' என்றுதான் பொருள். ருமேனியாவில் அதே லத்தீன் சொல் சற்றே உருமாறி, இன்றும் பலகாரமாகவே சாப்பாட்டு மேசைக்கு வருகிறது.

இதையெல்லாம் ஒரு கண்ணாடி ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வேன். ஜாடிக்குள் இருந்தது என் அண்ணியின் நஞ்சுக்கொடி.

எழுபதுகளின் நடுப்பகுதி. காம்பார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொடியை வீட்டுக்குப் பின்னால் புதைப்பது தகப்பன் வேலை. அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டு பாகான் டத்தோ போயிருந்ததால் அது தம்பியான என் தலையில் விழுந்தது. அம்மா உப்பும் மஞ்சளும் போட்டு மூடிய சட்டியை என்னிடம் நீட்டினாள்.

"ஆழமா தோண்டுடா. நாய் கெளறிடப் போவுது."

தோண்டினேன். வெறும் குழியை மூடி மேலே ஒரு கல்லை வைத்தேன். சட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதுவரை தவளையும் வெட்டுக்கிளியும்தான் இருந்தன.

பிள்ளை பெற்றவள் குளித்த பிறகு கொடி புதைத்த இடத்தில் வெந்நீர் ஊற்றினால் பால் வற்றாது என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் நம்பிக்கை. அண்ணி தினமும் ஊற்றினார். பால் சுரக்கவில்லை.

"எங்கடி ஊத்துற? எட்ட நின்னுக்கிட்டா?" என்றாள் அம்மா.

"கல்லு மேலதான் அத்தே ஊத்துறேன்."

"அப்பறம் ஏன் புள்ள கத்துது?"

ஒருமுறை நான் குறுக்கே பேசினேன். "அதுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"சம்பந்தம் இல்லன்னா நீ எதுக்குடா பொதச்ச?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

குழந்தைக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு வந்து, பல் முளைக்கும் முன்பே இறந்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: இவள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை. அண்ணி தலை நிமிரவில்லை. அதற்குப் பின் அவருக்குக் குழந்தை பிறக்கவுமில்லை.

அடுத்த ஆண்டு வகுப்பில் சொல்லின் கதையைச் சொன்னபோது கடைசி வரிசைப் பையன் ஒருவன், "சார், அப்ப பெர்த்டே கேக்குன்னா இதானா லா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. அதில் என் குரல் தனியாகத் தெரிகிறது.

எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. பாமாயில் தரும் செம்பனை நடுவதற்காக லயத்தை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். குழந்தையைப் புதைத்த ஆற்றோரம் அதற்கு முன்பே வெள்ளத்தில் போயிருந்தது. அண்ணனுக்கு ஈப்போவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. கிளம்பும் நாளில் அண்ணி காலி மைலோ டின் ஒன்றோடு வந்து என் முன்னால் நின்றார்.

"தம்பி, நீங்கதானே பொதச்சீங்க. உங்க கையாலயே கொஞ்சம் மண்ணு எடுத்துக் குடுங்க. அவளோடதுன்னு வேற எதுவும் இல்ல."

கல்லைப் புரட்டித் தோண்டினேன். அவர் என் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"நான் சரியாத்தானே ஊத்துனேன் தம்பி? நீங்க பாத்தீங்கல்ல?"

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தனை ஆண்டுப் பழியும் அவரைவிட்டு இறங்கி என்மேல் ஏறியிருக்கும். சொன்னால் மண்ணும் அவருக்கு இல்லாமல் போகுமே என்று நினைத்ததாக என்னையே நம்பவைத்தேன். உண்மையில் பயந்தேன், அவ்வளவுதான்.

"சரியாத்தான் ஊத்துனீங்க அண்ணி," என்றேன். டின்னை நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டார்.

அம்மாவும் அண்ணனும் இப்போது இல்லை. அண்ணி இருக்கிறார். அந்த மண்ணைத் தொட்டியில் போட்டு மாடி நடையில் வைத்திருக்கிறார். அதில் எந்தச் செடியும் வைக்கவில்லை. இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று பல காலை வேளைகளில் படியேறிப் போயிருக்கிறேன். ஈரத்தலையோடு கதவைத் திறப்பார்.

"உக்காருங்க தம்பி, தண்ணி ஊத்திட்டு வாரேன்."