துளை இல்லாத தோல்

என் அக்கா வீட்டுக்காரரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். தோல் கிடங்கில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதப்படுத்தி வந்த தோல்களை மேசையில் விரித்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது அவர் வேலை. இடது கையை முழுசாக நீட்டித் தோலை இழுத்துப் பிடிப்பார், வலது கை விரல்களால் தடவுவார், சந்தேகம் வந்தால் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுப்பார். சந்தேகம் வராத நாளே கிடையாது. இருபத்தாறு வருடம் இதே வேலை பார்த்ததில், மனிதர்களைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

முதல் சம்பளத்தில் ஒரு கைப்பை வாங்கி வந்து அவரிடம் ஆசையாகக் காட்டினேன். "நல்லாயிருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆசாமி உள்மடிப்பில் ஒரு துணுக்கைக் கத்தரித்து, தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்தினார்.

"மோந்து பாரு. பிளாஸ்டிக் நாத்தம். நிஜத் தோல்னா முடி கருகுற மாதிரி இருக்கும். கொளுத்தவே வேண்டாம், கண்ணாடியில பார்த்தாலே தெரியும். முடி முளைச்ச துளை இருந்தா தோல். இல்லன்னா பூச்சு போட்ட துணி."

"உங்களை யாரு அத்தான் கேட்டா?"

"என்னை ஏன் முறைக்கிறே? உன் தலையில கட்டினவனைப் போய் முறை."

அவர் சொன்னது சரி. அதனால்தான் எரிச்சல். வீம்புக்காகவே அந்தப் பையை இரண்டு வருடம் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் கிடங்கை ஒட்டியிருந்த கொதிகலனின் குழாய் வெடித்தது. அத்தானின் மார்பு, வயிறு, இரண்டு தொடை, இடது கை எல்லாவற்றையும் நீராவி வேகவைத்துவிட்டது. எடுத்து ஒட்டுவதற்கு உடம்பில் நல்ல தோல் போதவில்லை. தீக்காயப் பிரிவு டாக்டரம்மா கட்டிலருகே நின்று விளக்கினார்.

"காதுக்குப் பின்னாடி தபால்தலை அளவு தோல் எடுப்போம். அதுல இருக்கிற செல்களைப் பிரிச்சு, லேப்ல வளர்ப்போம். மூணு வாரத்துல மெல்லிசுத் தாள் மாதிரி ஆயிடும். அதைக் காயத்து மேல ஒட்டுவோம். முழங்கையில அது நல்லாப் பிடிக்கணும். பிடிக்கலன்னா வடு இறுகி, கை மடங்கினபடியே நின்னுடும்."

கை நீளாவிட்டால் தோலை இழுத்துப் பிடிக்க முடியாது. வேலை போய்விடும். அக்காவின் முகம் வெளுத்தது. அத்தானோ டாக்டரம்மாவை முறைத்துப் பார்த்தார்.

"சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு, சரக்கு வேற அனுப்புறவங்களை நான் தினமும் பார்க்கிறேன் டாக்டர். வளர்க்கிற இடத்தை எனக்குக் காட்டுங்க."

"அங்க யாரையும் விடமாட்டோம். கிருமி போயிடும்."

உள்ளே விடமாட்டேன் என்றால் போதாதா? படுத்த படுக்கையிலேயே விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டார். நேற்று காலி ஆன கட்டில்காரர் வீட்டுக்குப் போனாரா, வேறு எங்காவது போனாரா? போனவரின் தோல் முழுசாகப் போனதா, இல்லை அதை உரித்துத் தன் மேல் ஒட்டப் போகிறார்களா? ஊசி போட வந்த நர்ஸ், துடைக்க வந்த அம்மா, ஒருவரையும் விடவில்லை. உங்கள் செல் வளரும் பெட்டியில் உங்கள் எண் எழுதி ஒட்டியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். "எண்ணை எவன் வேணும்னாலும் எழுதலாம்" என்றார்.

டாக்டரம்மா அக்காவையும் என்னையும் நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் புதுத் தோல்ல முடி முளைக்காது, வியர்வை வராது. மேல்தோல் மட்டும்தான் வளரும், முடியோட வேர் வளராது. நான் எதைச் சொன்னாலும் சண்டைக்கு வர்றார். நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

அக்கா உடனே சொல்லிவிடலாம் என்றாள். தடுத்தது நான்தான். "சொன்னே, அவ்வளவுதான். கையெழுத்துப் போடவே மாட்டார். ஒட்டி முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்க்கா." அவள் என் பேச்சைக் கேட்டாள். கையெழுத்து வாங்கினோம், தோல் வளர்ந்தது, ஒட்டினார்கள். அதன் பிறகு அத்தான் ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்ப வேண்டாம் என்று இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒட்டி மூன்றாவது வாரம், காலை பத்து மணிக்குப் பிளாஸ்க்கோடு போனேன். கட்டில் காலியாக இருந்தது. கழிவறைக் கதவுக்கு அடியிலிருந்து முடி கருகும் வாடை வந்தது.

கதவைத் தள்ளினேன். தொட்டி விளிம்பில் அவருடைய பூதக்கண்ணாடி. பக்கத்தில் யாரிடமோ கேட்டு வாங்கிய தீப்பெட்டி. முழங்கைக் கட்டு அவிழ்ந்து தொங்க, விரல் வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தோல்தான்! நிஜத் தோல்தான்! ஒரு துளைகூட இல்லாம வழவழன்னு இருந்துச்சா, ரெக்ஸினை ஒட்டிட்டாங்கன்னு நினைச்சுட்டேன். ஓரத்துல நகத்தால கொஞ்சம் கிள்ளினேன். அது பாட்டுக்கு உரிஞ்சுட்டு வந்துடுச்சு."

உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்தது. அதுவும் சரியாக முழங்கை மடிப்பில்.

என் சத்தம் கேட்டு அக்கா வந்தாள்; இருவரும் அவரைக் கட்டிலில் படுக்க வைப்பதற்குள் டாக்டரம்மா ஓடி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். காயத்தைக் கழுவி முடித்துவிட்டு நிதானமாகவே பேசினார்.

"வேற ஆளோட தோலா இருந்தா, இந்த மூணு வாரத்துல உங்க உடம்பே அதைத் தள்ள ஆரம்பிச்சிருக்கும். இது உங்களோடது. துளை இருக்காதுன்னு உங்க வீட்ல சொல்லச் சொன்னேனே, சொல்லலையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார்.

"நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன் அத்தான்" என்றேன்.

ஒரு கைப்பைக்கு அவ்வளவு பேசியவர் இதற்கு ஒன்றும் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். தலையணையில் சாய்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உரிந்த இடத்தில் சீழ் வைத்தது. உறைய வைத்திருந்த மிச்ச செல்களை மறுபடி வளர்த்தார்கள். இந்த முறை டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரிடமே எல்லாவற்றையும் சொன்னார். முடி வராது, வியர்க்காது, தினமும் எண்ணெய் தடவ வேண்டும், உரசினால் கொப்புளம் வரும். அத்தான் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டார். ஆனால் அது வளர்ந்து வருவதற்குள் முழங்கை இறுக ஆரம்பித்துவிட்டது. பயிற்சியெல்லாம் செய்தும் கை முக்கால்வாசிதான் நீள்கிறது.

வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் மாட்டுத் தோல் இப்போது அவர் மேசைக்கு வருவதில்லை. அவ்வளவு பெரிய தோலை இழுத்துப் பிடிக்க அந்தக் கையால் முடியாது. ஆட்டுத் தோல் மட்டும் பார்க்கிறார். டாக்டரம்மா எது சொன்னாலும் சரி என்கிறார். அந்த அம்மா சொல்லிவிட்டால் மறு பேச்சே இல்லை.

போன மாதம் அக்காவுக்குத் தலைசுற்றல். நான் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனை செய்து முடிவை வாங்கி வந்தேன்.

"எல்லாம் நல்லாயிருக்கு அத்தான். பயப்பட ஒண்ணுமில்ல."

தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"வேற தாள் ஏதாவது இருக்கா?"

"இல்ல அத்தான்."

"வெளியில கூப்பிட்டு ஏதாவது சொன்னாங்களா?"

"சத்தியமா இல்ல அத்தான்."

"சரிம்மா" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். பிறகு தாளை மடித்து வைத்துக்கொண்டு, பரிசோதனை நிலையத்துக்கு அவரே போன் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.