குளிர் அறைக்குக் கீழே உறைந்த நிலம்

"ராக்கையை இடிச்சுப்போட்டு நிலம் வளைஞ்சிருக்கெண்டு கதை விடுறியோ?" என்று பத்ரோனே கத்தினார். எங்கள் முதலாளி. அவர் கத்தியது இத்தாலியனில். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும். முன்னால் நின்றவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மன்னார் அன்ரன். பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் உறைந்த மீன் வைக்கும் குளிர் அறையில் அவனும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். நடுவில் நின்ற, மீன் பெட்டி அடுக்கும் உயரமான ராக்கை சரிந்துவிட்டது. வேலை போனால் அன்ரனின் பெர்மெஸ்ஸோவும், இங்கே இருப்பதற்கான அனுமதியும், போய்விடும். வேலை ஒப்பந்தம் இல்லாதவனுக்குக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் யார் விசா புதுப்பித்துக் கொடுப்பார்?

"சத்தியமா நான் இடிக்கேல்லை. நடுவிலை தளம் எழும்பியிருக்கு. கதவும் தளத்திலை தட்டுது, பாருங்கோ," என்றான் அன்ரன்.

எங்கள் ஆட்கள் அதற்கும் மேல். "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். முதலாளி பக்கம் நின்று சிரித்தால் சம்பளம் கூடும் என்ற நினைப்பு. கூடவில்லை.

இனிப் பத்ரோனேயின் புத்தியைக் கேளுங்கள். இப்படியான குளிர் அறையின் தளத்துக்குக் கீழே ஹீட்டர் வயர் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் குளிர் கீழே இறங்கி மண்ணில் உள்ள தண்ணீரை உறைய வைத்துவிடும். கரண்ட் பில் ஏறிய காலத்தில் இந்த மனிதர் அதை நிற்பாட்டினார். "ஃப்ரீஸருக்குக் கீழை அடுப்போ? எந்த மடையன் வைச்சவன்?" என்று எங்களைக் கூப்பிட்டு வைத்துப் பெருமை பேசினார். மடையன் யார் என்று தெரியக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அன்ரன் இடித்ததாகக் காட்டிக் காப்புறுதிப் பணம் எடுக்கலாம் என்று அவரே ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டார். வந்த பெண் ராக்கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தளத்தில் மட்டம் பார்த்தார், துளை போட்டார். மேலே வந்தது ஐஸும் மண்ணும். வெளியே ஸ்கிரோக்கோ என்ற வெப்பக் காற்றில் தெருத் தார் இளகிக்கொண்டிருந்தது.

"சைபீரியாவிலைதான் நிலம் இப்பிடி வருசக்கணக்கா உறைஞ்சு கிடக்கும். நீங்கள் அதைப் பலெர்மோவிலை செய்து வைச்சிருக்கிறீங்கள்," என்றார் அவர். "நிலம் வீங்கித்தான் ராக்கை சரிஞ்சது. ஹீட்டரை ஆர் நிப்பாட்டினது?"

எல்லோரும் பத்ரோனேயைப் பார்த்தோம்.

"இப்பவே போட்டுவிடுறன்," என்றார் பத்ரோனே.

"கெதியா இளகினால் மண் சேறாகித் தளம் இறங்கும். முதல்லை மீனெல்லாத்தையும் வெளியிலை எடுங்கோ. மிச்சம் ஆறுதலாத்தான் செய்யவேணும்," என்றார் அந்தப் பெண்.

பிறகு பத்ரோனே அன்ரனின் தோளில் கை போட்டார். "அந்தோனியோ, நாளைக்கு வேலைக்கு வா." அன்ரன் அவர் வாயில் அந்தோனியோதான். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

அன்ரன் அந்தக் கையை எடுத்துவிட்டான். "நான் இடிச்சனோ?"

"இல்லை."

"கேக்கேல்லை."

"இல்லை, நீ இடிக்கேல்லை!" இம்முறை வாசலில் நின்ற லொறிக்காரனுக்கும் கேட்டது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: முதலாளி எதையோ நிற்பாட்டி மிச்சம் பிடித்தேன் என்று பெருமை பேசினால் கைதட்டாதீர்கள். அது பிழைத்துப்போகும் நாளில் பழி போட ஒருவனைத் தேடுவார். அவர் கண்ணில் முதலில் படுவது நீங்கள்தான்.